பிரம்பும் நெத்திலிக் கருவாடும்

முதலில் பிரம்பு சிமெண்டுத் தரையில் படும் ஓசை. அடுத்து, சின்னச் சின்ன நகங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் ஓசை. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்காது. எதிர்வீட்டிலிருந்து தினமும் காபி நேரத்துக்கு வந்த அந்த மூன்றையும் நான் கேட்டு அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது காது மந்தம். பக்கத்து அறையில் ஓடும் டெலிவிஷன் கேட்பதில்லை. அது மட்டும் கேட்கிறது.

நாய்க்குட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்பது, குட்டியைத் தவிர வீட்டிலுள்ள எல்லாரையும் திருத்த வேண்டியிருக்கிற தொழில். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் சில வருஷம் நான் அதைச் செய்தேன். குட்டி கடித்த ஒற்றைச் செருப்போடு ஆபீஸ் போன அன்பர்களே, பாயை அலசி உலர்த்தியே பாதி ஆயுளைக் கழித்த சகோதரிகளே, நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

படிப்புக்கேற்ற வேலை

நான் சென்னையில் பி.ஏ. படித்தவள். மனோதத்துவம் ஒரு பாடம். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபோது எங்கள் தெருவில் பி.ஏ. படித்த பெண் நான் ஒருத்திதான். அந்தப் படிப்பை என்ன செய்வது என்று தெருவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லாரும் என்னை ‘பி.ஏ. அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். குழந்தை இல்லை. பகல் நீளமாக இருந்தது.

வாடகை வீட்டின் கொல்லையில் ஒரு நாட்டுக்குட்டி தானாக வந்து சேர்ந்தது. மணி என்று பெயர் வைத்தேன். காலேஜில் கேட்ட ஒரு சொற்பொழிவு ஞாபகம் வந்தது: எந்தச் செய்கைக்கு உடனே நல்லது கிடைக்கிறதோ அந்தச் செய்கை திரும்ப வரும். சரி, பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். மணி தற்செயலாக உட்கார்ந்தால், அந்த நொடியே நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்கு. கையிலிருந்து தீனியாக ஒரு பொரிகடலை. தப்பு செய்தால் நான் சுவரைப் பார்ப்பேன். திட்டுவதில்லை, அடிப்பதில்லை. இரண்டு வாரத்தில் மணி உட்கார்ந்தது, கூப்பிட்டால் வந்தது, காலைக்கடனுக்குக் கொல்லைக்குப் போனது. வீட்டுக்காரரைப் பார்க்க வந்த வக்கீல் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் குட்டியைக் கொண்டுவந்தார். அப்புறம் ரைஸ்மில் முதலாளி, அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர். சம்பளம் கிடையாது. போகிற வீட்டிலெல்லாம் காபி உண்டு. இதையெல்லாம் ஒரு மாதம் கவனித்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: “பரவாயில்லை, ஒரு வழியா உன் படிப்புக்கு ஏத்த உத்தியோகம் கிடைச்சுடுச்சு.”

யார் யாரைப் பழக்கியது

ரைஸ்மில் முதலாளியின் குட்டி ஓயாமல் குரைத்தது. எட்டு நாள் போய்ப் பார்த்தும் குரைப்பு குறையவில்லை. ஒன்பதாம் நாள் சும்மா ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். குட்டி குரைக்கும், முதலாளி எழுந்து போய் டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் போடுவார், அது வாயை மூடும். பிஸ்கட் தீர்ந்ததும் மறுபடி குரைக்கும். அவர் மறுபடி எழுவார். நூறு கிலோ மனிதர், ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை எழுந்தார்.

“ஐயா, உங்களை அது ரொம்ப நன்றாகப் பழக்கியிருக்கிறது” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவர் மனைவி மட்டும் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “நான் இருபது வருஷமா எழுப்பிப் பார்க்கிறேன், ஒரு தடவை எழுந்ததில்லை. இந்த பிஸ்கட் எந்தக் கடையில வாங்கினது?” என்று கேட்டார்.

முப்பது வருஷ அனுபவம்

எதிர்வீட்டுக்காரர் ஏகாம்பரம், ரிடையரான ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் நடத்திய பள்ளிக்கூடத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர், பிரம்பை மட்டும் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டார். அது நடுக்கூடத்தில் ஆணியில் தொங்கும். ஒரே மகன் நடராஜன். காலேஜ் பரீட்சையில் ஒரு பாடம் போயிற்று என்பதற்காக, இருபத்தொரு வயதுப் பிள்ளையைத் தெருவில் வைத்து அந்தப் பிரம்பால் அடித்தார். மறுநாள் நடராஜன் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். கடிதம் கிடையாது. அவன் எங்கிருந்தோ தூக்கிவந்து வளர்த்துக்கொண்டிருந்த ஒரு குட்டிதான் வீட்டில் மிச்சம். வெள்ளையில் தவிட்டு நிறத் திட்டுகள், ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. அதற்கு சீசர் என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

ஹெட்மாஸ்டரின் மனைவி கனகவல்லி அக்கா ஒருநாள் என் கொல்லைக்கு வந்து, அழுகையை முந்தானையில் அமுக்கிக்கொண்டு சொன்னார். சீசர், பிரம்பை ஓங்கின கையைக் கடித்துவிட்டது. பத்து நாள் முன்னால் பால்காரரையும் கடித்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை முனிசிபாலிடியிலிருந்து நாய் பிடிக்கிற வண்டி வரும். பிடித்துப் போனவை திரும்புவதில்லை. அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதாக ஹெட்மாஸ்டர் தீர்மானித்துவிட்டார். “அவன் தொட்டது, அவன் தூக்கினதுன்னு இந்த வீட்டுல இது ஒண்ணுதான் கண்ணு இருக்கு” என்றார் அக்கா.

நான் போய் ஹெட்மாஸ்டரிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். ஒரு மாதத்தில் குட்டி கடிக்காது, உட்கார் என்றால் உட்காரும். அதுவரை அவர் பிரம்பைத் தொடக்கூடாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு காலத்தில் அந்தத் துடைப்பைப் பார்த்து நடுங்கியிருக்கிறது. பிறகு, “ஒரு மாசம் எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். பொரிகடலை கொடுத்துப் படிப்பு வரும்னா, இந்நேரம் பொரிகடலைக் கடைக்காரன் யுனிவர்சிட்டி நடத்திக்கிட்டிருப்பான்” என்றார்.

பொரிகடலை தோற்றது

யுனிவர்சிட்டி நிலை இருக்கட்டும், சீசருக்கே பொரிகடலை ஏறவில்லை. அது பிரம்புக்குப் பயந்த குட்டி. நான் கையை நீட்டினாலே மேஜைக்கு அடியில் போய்விடும். பொரிகடலையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். தயிர்சோற்று உருண்டை, அப்பளத்துண்டு, நெய் தடவின தோசை எல்லாம் வைத்துப் பார்த்தேன். அந்த வீடு சுத்த சைவம். அதற்கு மேல் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் அப்படியே போயிற்று.

எங்கள் தெருமுனையில் எல்லம்மா என்று ஒரு மீன்காரி வந்து உட்காருவாள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம். காலை பஸ்ஸில் கூடையோடு வந்து, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவாள். சைவத் தெருவுக்குள் வரமாட்டாள். முனையிலிருந்து அவள் குரல் மட்டும் தெருவுக்குள் வரும். நானும் சைவ வீடுதான். கூடையின் பக்கம் போனதே இல்லை. அன்று குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போய், முள்ளில்லாத மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாய்க்குட்டிக்கு என்றேன். அவள் நம்பவில்லை. நெத்திலிக் கருவாட்டை இலையில் மடித்துக் கொடுத்துவிட்டு, “இந்தாம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க தெருவுல நாய்க்குட்டிக்குன்னு சொல்லி வாங்கினு போறவங்க இன்னும் நாலு பேர் கீறாங்க” என்றாள்.

பல்லி சொன்ன பலன்

நெத்திலியைப் பார்த்ததும் சீசர் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி, மூக்குக்கு மேலே பிடித்தால், தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரைக்கு வரும். உட்கார்ந்த நொடி ஒரு சொடுக்கு, ஒரு கிள்ளு நெத்திலி. கையைச் செல்லமாகக் கவ்வினால் நான் எழுந்து திரும்பிக்கொள்வேன், விளையாட்டு முடிந்தது. கடிக்க ஆசைப்பட்டால் தேங்காய் மட்டை. நான்கே நாளில் சொடுக்கு என்றால் சோறு என்று அதற்குப் புரிந்துவிட்டது. சொடுக்கின் சத்தம் எங்கிருந்து வந்தாலும் அப்படியே உட்கார்ந்து எதிர்பார்க்கும். இது தலைகீழ்ப் பாடம், சொடுக்கு முடிவில்தான் வரவேண்டும், ஆரம்பத்தில் அல்ல. என் போதனையில் இருந்த ஓட்டை அது. அந்த ஓட்டை வழியாகத்தான் தெய்வம் உள்ளே வந்தது.

ஹெட்மாஸ்டரின் விதவை அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். ஊருக்கே பெரிய அத்தை. நாய் இருக்கிற கூடத்தில் கால் வைக்கமாட்டார், வைத்துவிட்டால் குளியல். ஒருநாள் அவர் உள்ளறையிலிருந்து, நடராஜன் எப்போது வருவானோ என்று பெருமூச்சு விட்டார். சுவரில் பல்லி சொன்னது. அத்தை வழக்கம்போல விரலை மடக்கித் தரையில் தட்டி “சிவ சிவா” என்றார். கூடத்தில் படுத்திருந்த சீசர் எழுந்து, பல்லியை நோக்கி, முதுகை நிமிர்த்தி, பயபக்தியோடு உட்கார்ந்தது. பல்லி மறுபடி சொன்னது. சீசர் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தது.

அத்தை வாசற்படிக்கு வந்து நின்று பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கனகவல்லி அக்கா என் காலை மிதித்தார். என் மனோதத்துவம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது. பெரிய அத்தை முதல் தடவையாகக் கூடத்துக்குள் கால் வைத்து, குட்டியை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “போன பிறவியில எந்தக் கோயில் குருக்களோ! இந்த ஜன்மத்துல ஹெட்மாஸ்டர் வீட்டுல வந்து மாட்டிக்கிச்சு, பாவம்.”

துக்கம் கேட்கப் போனது

மூன்றாம் வாரம், இரண்டு வீடு தள்ளி இருந்த ரிடையரான தாசில்தார் இறந்துபோனார். கனகவல்லி அக்காவும் நானும் துக்கம் கேட்கப் போனோம். சீசர் எப்படியோ பின்னால் வந்துவிட்டது. உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் நாம் என்ன செய்வோம்? ஒருவர் நோயைப் பற்றிச் சொல்வார், மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சரியாக என் சொடுக்கு.

முதல் உச்சுக்கு சீசர் கூட்டத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது. இரண்டாவது உச்சு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே போய் உட்கார்ந்தது. “அடப்பாவமே, என்ன வயசு அவருக்கு!” என்று நாலு பேர் சேர்ந்து உச்சுக் கொட்டினார்கள், சீசர் நாலு பேர் முன்னாலும் முறையாகப் போய் உட்கார்ந்து எழுந்தது. யாரும் ஒன்றும் தரவில்லை. உழைத்த குட்டிக்கு ஒன்றும் கிடைக்காததைக் கனகவல்லி அக்காவால் பொறுக்க முடியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு கிள்ளு கொடுத்தார். பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்து நாலாபக்கமும் பார்த்தாள். அழுது அழுது குரல் போயிருந்த தாசில்தாரின் மனைவி மட்டும் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கம்மிய குரலில், “அவர் இருந்தப்போ இந்த வீட்டுல ஒருத்தர்கூட அவர் முன்னால இவ்வளவு அடக்கமா உக்காந்ததில்லை” என்றார்.

துடுப்பு

சீசர் இப்போது உட்கார்ந்தது, கடிப்பதை விட்டது, கொல்லைக்குப் போகப் பழகியது. ஒன்று மட்டும் முடியவில்லை. ஆணியில் பிரம்பு ஆடினால்கூட மேஜைக்கு அடியில் போய்ப் பல்லைக் காட்டியது. ஹெட்மாஸ்டர் பரீட்சை வைக்கும்போது கையில் பிரம்பில்லாமல் வரமாட்டார். அது பல்லைக் காட்டினால் எங்கள் மூன்று வார உழைப்பும் வண்டியில் ஏறிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த உறவினர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனோம். அவர்கள் கல் யானையைச் சுற்றி வரும்போது நான் எல்லம்மாவைத் தேடிக் குப்பத்துக்குப் போனேன். கரையில் கட்டுமரம் காய்ந்துகொண்டிருந்தது. எல்லம்மா வலைக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் புருஷன் துடுப்பைத் தோளில் தூக்கியதும் எங்கிருந்தோ ஒரு செவலை நாய் ஓடிவந்து, துடுப்புக்கு நேர் கீழே உட்கார்ந்து வாலை மணலில் அடித்தது. என் கதையைச் சொன்னேன். எல்லம்மா சிரித்தாள். அந்த நாயும் ஒரு காலத்தில் துடுப்பைக் கண்டால் ஓடினதாம். “யாரோ அதால அடிச்சுட்டான் போல. நான் இன்னா பண்ணேன், துடுப்பக் கீழ போட்டு அது பக்கத்துலயே மீன் தலையப் போட்டேன். மொதல்ல தூரமா, அப்பறம் கிட்ட, அப்பறம் அது மேலயே. இப்ப துடுப்ப எடுத்தா சோறு வருதுன்னு வந்து குந்திகினு கீது. இதுக்கு இன்னாத்துக்குமா காலேஜு?”

மறுநாளிலிருந்து, ஹெட்மாஸ்டர் மத்தியானம் லைப்ரரிக்குப் போகும் நேரத்தில் நானும் அக்காவும் பிரம்பை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தோம். எல்லம்மா சொன்னபடியே செய்தோம். முதலில் தூரமாக, அப்புறம் கிட்டே, அப்புறம் அதன் மேலேயே நெத்திலி. நாலாம் நாள் நான் பிரம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினேன், தீனி. ஆறாம் நாள் தலைக்கு மேல் ஓங்கினேன். சீசர் ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்தது. கனகவல்லி அக்கா அந்தப் பிரம்பை என் கையிலிருந்து வாங்கி, முதல் தடவையாகத் தானே பிடித்துப் பார்த்து, “இவ்வளவு லேசா இருக்கே!” என்றார்.

நடராஜனின் மேஜை

துக்க வீட்டில் ஒருத்தி மூக்கைச் சுளித்தாளே, அந்த மூக்கு தெரு முழுக்கப் போய்வந்தது. வண்டி வருவதற்கு முதல் நாள் லைப்ரரியில் ஒருவர் ஹெட்மாஸ்டரிடம், “டாக்டர் மீன் சாப்பிடச் சொல்லியிருக்காரா சார்? தப்பில்லை, உடம்புதான் முக்கியம்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்து அலமாரி, உறி, ஜாடி எல்லாவற்றையும் திறந்தார். கடைசியில், பூட்டியே இருந்த நடராஜனின் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே அவன் பேனா, அவன் ஹால்டிக்கெட், பழைய செய்தித்தாளில் மடித்த நெத்திலி. சத்தம் கேட்டு நான் ஓடினேன். “யார் வேலை இது?” என்றார். கனகவல்லி அக்கா சுவரோடு சுவராக நின்றார். நான் ஒப்புக்கொள்ள வாயெடுத்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து பெரிய அத்தை, “நான்தான் வாங்கிவரச் சொன்னேன்” என்றார்.

“அக்கா, நீங்களா?”

“ஏன், நான்தான். அம்பது வருஷமா இந்தக் குடும்பத்து ஆசாரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காப்பாத்தினவ நான். அதுல ஒரு பிடி நெத்திலி எனக்குப் பாக்கி இருக்காதா? அது உன் பிள்ளை விட்டுட்டுப் போன ஜீவன், ஏகாம்பரம்.”

ஹெட்மாஸ்டர் டிராயரை மூடினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார்: “உங்களுக்கு என்னால தண்டனை கொடுக்க முடியாதுக்கா. அதுக்குக் கொடுக்கலாம் இல்லையா? காலையில வண்டி வருது.”

வண்டி

மரக்கூண்டு வைத்த மாட்டுவண்டி. கூட இரண்டு பேர், கையில் சுருக்கு மாட்டிய நீளக் கம்பு. தெரு நாய்களெல்லாம் எப்படியோ தெரிந்து மறைந்துவிட்டன. வண்டி ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றது. தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். நான் கனகவல்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் உள்ளே போய் ஆணியிலிருந்து பிரம்பை எடுத்துவந்தார். சீசர் கூடத்தில் நின்றது. வாசலுக்கு விரட்டுவதற்காக அவர் பிரம்பை ஓங்கினார்.

சீசர் ஓடியது. வாசலுக்கு அல்ல, அவரிடம். வால் மட்டுமல்ல, இடுப்புக்குப் பின்னால் இருந்த உடம்பு முழுவதும் ஆடியது. அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து, பிரம்பின் நுனியைக் கண்கொட்டாமல் பார்த்தது. ஹெட்மாஸ்டர் இரண்டடி பின்வாங்கி மறுபடி ஓங்கினார். சீசர் இரண்டடி முன்னால் வந்து, இன்னும் நேராக உட்கார்ந்தது. மடிந்த காதுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தப் பிரம்பு ஓங்கியபோது ஓடியவர்களை அவர் பார்த்திருக்கிறார், அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், ரயிலேறிப் போனவனைப் பார்த்திருக்கிறார். அதைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரு ஜீவனை அவர் அன்றுதான் பார்த்தார். மூன்றாம் தடவை மெதுவாகத் தூக்கினார். அது அடிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

கனகவல்லி அக்கா என் கையை உதறிவிட்டுப் போனார். முடிச்சிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து, தெரு முழுவதும் பார்க்க, ஹெட்மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். “கொடுங்க. நீங்க ஓங்கினா கிடைக்கும்னு அது நம்பிக்கிட்டு இருக்கு” என்றார். அவர் புருஷனிடம் ‘கொடுங்க’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஹெட்மாஸ்டர் அந்த மீனை இரண்டு விரலால், செத்த பூச்சியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே நீட்டினார். சீசர் பல் படாமல் வாங்கிக்கொண்டது.

வண்டிக்காரர்களில் பெரியவர் கம்பைத் தோளில் போட்டார். “இன்னா அய்யா இது! நீயே கையால ஊட்டி வளக்குற நாய நாங்க இன்னாத்துக்குப் புடிக்கணும்? காலங்காத்தால கூப்ட்டு வச்சு பேஜார் பண்ணினு!”

சபாஷ்

சீசர் அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தது. நெத்திலி வாங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹெட்மாஸ்டரே குடையோடு தெருமுனைக்குப் போவார். திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார். பிரம்பு ஆணியில்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் அதை எடுத்து ஓங்குவார், சீசர் உட்காரும், “சபாஷ்” என்பார். என்னிடம் மட்டும் கடைசிவரை, அந்தக் குட்டி அடிக்குப் பயந்துதான் திருந்தியது என்று சாதித்தார்.

நான்கு வருஷம் கழித்து நடராஜன் பம்பாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்தான். மெலிந்திருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒரு சாயங்காலம் நான் அங்கே சமையற்கட்டு வாசலில் இருந்தேன். ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுத்தார். நடராஜனின் தோள் தன்னையறியாமல் ஒடுங்கியது. சீசர் ஓடிவந்து உட்கார்ந்தது. ஹெட்மாஸ்டர் “சபாஷ்” என்றார்; சொன்னது நாயிடம், பார்த்தது மகனை. நடராஜன் எழுந்து சமையற்கட்டுக்கு வந்து, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த கனகவல்லி அக்காவிடம் மெதுவாகக் கேட்டான்: “ஏம்மா, அப்பாவுக்கு இந்த வார்த்தை எப்பத்திலிருந்து தெரியும்?”

என்னிடம் வந்த பதினோரு குட்டிகளும் தேறிவிட்டன என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நடராஜன் ஏழாம் நாளே ரயிலேறிவிட்டான், பிறகு அப்பாவின் காரியத்துக்குத்தான் வந்தான்.